அறியாமல் இல்லை

சாயங்கால ஜெபத்தில் மகன், "அறியாமல் செய்த பாவங்களை மன்னியும், ஆண்டவரே" என்றான். முட்டி போட்டிருந்த எனக்கு அப்பாவின் குரல் கேட்டது.

அப்போது எங்கள் கூரை வீட்டில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். கோரைப்பாய் முட்டியில் அச்சாகப் பதியும். அப்பா தினமும் இதே வார்த்தையைச் சொல்லுவார். ஒருநாள் மதியம் அம்மாவை அடித்துவிட்டு, சாயங்காலமும் அதையே சொன்னார். எனக்கு எட்டு வயது.

"அறியாம இல்லப்பா. கதவ சாத்திட்டுதான அடிச்ச?" என்றேன்.

பளாரென்று அறை விழுந்தது. ஆனால் அதற்குப் பிறகு அப்பா அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

இன்று காலை மருமகள் கம்பெனி கார்டைத் தேடித் தேடி, ஒரகடம் போகும் பஸ்ஸை விட்டுவிட்டாள். அவள் வேலைக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவள்தான் நான். ஆனாலும் இப்போது ஜெபத்தின் நடுவே வாயைத் திறந்தேன்.

"அந்தக் கார்ட நான்தான் அரிசி டப்பால ஒளிச்சி வெச்சேன்."

"வயசாய்ட்ச்சில்லம்மா, மறந்து வெச்சிருப்ப" என்றான் மகன்.

"மறதின்னு சொல்லாதடா. தெரிஞ்சுதான் வெச்சேன்."

எழுந்துபோய் அரிசிக்குள் கைவிட்டுக் கார்டை எடுத்து மருமகளிடம் கொடுத்தேன். ஊதிவிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்குப் போவேன் அத்தை."

"போ" என்றேன். மகனைப் பார்த்தேன். "இப்ப சொல்லுடா ஆமென்."