பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரியும் எழுத்து

நான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியது பாடப்புத்தகத்தில் அல்ல, ஃப்ளெக்ஸ் பேனர்களில். திருச்செங்கோட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே எழுத்துதான் நிற்கும். தடித்து, ஒடுங்கி, கூட்ட பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்கிற ஆட்களைப் போல. போர்வெல் போடுகிற ரிக் லாரிக்குப் பூஜையா, காதுகுத்தா, கல்யாணமா, சாவா, எல்லாவற்றுக்கும் அதுவேதான். எனக்கு அந்த எழுத்தென்றால் கொள்ளைப் பிரியம். வாசித்துவிடுவேன், பொருள் கேட்டால் விழிப்பேன்.

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அக்கா, கூடப் படித்த வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் அடுப்பு எரியவில்லை. அம்மா மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் மாட்டுக் கொட்டகையில் நின்று அவளோடு போனில் பேசுவாள். "கொஞ்சம் பொறு சாமி, உங்கப்பன் கோவம் தணியட்டும். நானே உன்னய ஊட்டுக்குக் கூப்புடறேன்" என்பாள்.

ஒருநாள் பள்ளிவிட்டு வரும் வழியில் அப்பா பேனர் கடை முன்னால் பைக்கை நிறுத்தினார். "உங்கக்காளுக்குப் போஸ்டர் அடிக்கோணும்" என்றார். அடேயப்பா, கல்யாணப் போஸ்டர்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைக்கார அண்ணன் அக்காவின் போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டே, "என்னைக்குங்க தவறுனாங்க?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கெழமை" என்றார் அப்பா. அது அக்கா வீட்டைவிட்டுப் போன நாள். அவள் செய்தது தவறு என்றுதானே வீட்டில் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்? இவரும் அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் மெல்லிய எழுத்து வந்தது. "இது வேண்டாந் தம்பி. சங்ககிரி பஸ்ஸுல போறவனுக்குந் தெரியோணும்" என்றார் அப்பா. அண்ணன் மாற்றினார். ஆகா, என்னுடைய தடி எழுத்து! நான் கைதட்டினேன். கீழே போட வேண்டிய பெயர்களை அப்பா மளமளவென்று சொன்னார். அம்மாவை யார் கேட்டார்கள்?

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாப் சுவரெல்லாம் அக்கா. சாயங்காலம் அம்மா பால் கறந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"அக்கா, அப்பாவுக்குக் கோவமெல்லாம் போயிருச்சு! உனக்குப் பெருசா போஸ்டர் ஒட்டியிருக்குது!"

"என்ன சாமி எழுதியிருக்குது?"

"கண்ணீர் அஞ்சலின்னு." கண்ணீர் எனக்குத் தெரியும். அஞ்சலி எங்கள் வகுப்பில் படிக்கிற பிள்ளை.

அவள் அதை மறுபடி எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள். பிறகு, "கீழ யாரு பேரெல்லாம் இருக்குது?" என்றாள்.

"அப்பா, பெரியப்பா, மாமா..."

"அம்மா பேரு?"

"இருக்குதுக்கா! பக்கத்துலயே எம்பேரு! எம்பேர மொதமொதல்ல அச்சுல போட்டிருக்காங்க!"

போன் கட்டாகிவிட்டது. டவர் போய்விட்டது என்று நினைத்து, "அக்கா, கேக்குதா? கேக்குதா?" என்று கத்திக்கொண்டே போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வாசலுக்கு ஓடினேன்.