இரண்டு நிமிடத்தில் முடித்த வேலை

சென்ற ஆண்டு ஆடி மாதம், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. முன்கூடத்தில் அப்பாவின் பட்டுத் தறி. அதை அடுத்த சின்ன அறையில் என் மேஜையும் லேப்டாப்பும். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதனால் ரேஷன் கார்டு, கேஸ், ஆஸ்பத்திரி என்று எதுவானாலும் என்னிடம்தான் வரும்.

அந்தச் சமயத்தில் ஆபீசில் நேரத்தைத் திட்டமிடுவது பற்றி ஒரு பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையை உடனே முடித்துவிடு, மற்றதைப் பட்டியலில் போடு என்றார்கள். எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. ஆபீஸ் வேலைகளைச் சிவப்பிலும் வீட்டு வேலைகளைப் பச்சையிலும் போனில் குறித்து வைத்தேன். பச்சையில் ஒன்றை அடிக்கும்போதெல்லாம் நல்ல பிள்ளை என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன்.

ஒருநாள் காலை மீட்டிங் தொடங்கப் போகிற நேரத்தில், தறியில் இருந்தபடியே அப்பா குரல் கொடுத்தார்.

"இடப்பக்கம் பார்டர் கிட்ட இருட்டா இருக்குதுபா."

இரண்டு நிமிட வேலைதானே! உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு எல்.இ.டி. விளக்கு ஆர்டர் போட்டேன். மறுநாள் வந்தது. தெருவில் இருக்கும் எலக்ட்ரீஷியன் மாட்டிவிட்டுப் போனார். பட்டியலில் அடித்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து மறுபடியும் அதையே சொன்னார். இன்னும் பெரிய விளக்காக வாங்கினேன். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "கல்யாண மண்டபம் கணக்கா ஜொலிக்குது, இவருக்கு இன்னும் இருட்டாம்!"

மூன்றாவது முறை அப்பா என் அறை வாசலுக்கே வந்து நின்று சொன்னார். காதில் ஹெட்போனோடு தலையை ஆட்டினேன். "பூம்பூம் மாடு மாதிரி ஆட்டறான் பாரு. இன்னா சொன்னாருன்னு கேளு, தெரியாது" என்றாள் அம்மா.

"உடு, வேலையா இருக்கறான்" என்று அப்பா திரும்பிப் போய்விட்டார்.

ஆவணி பிறந்தது. ஒருநாள் சாப்பிடும்போது, இடக்கைப் பக்கம் வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பை அப்பா தட்டிவிட்டார். இந்த முறை அம்மா சிரிக்கவில்லை. அவருடைய வலக்கண்ணைப் பொத்திவிட்டு, விரல்களைக் காட்டி, "எத்தினி, சொல்லு" என்றாள்.

"என்னவோ ஆடுது. விரல் தெரியலயே" என்றார்.

அன்றே லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இடக்கண்ணில் விழித்திரை பிரிந்துவிட்டது என்றார் டாக்டர். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு மேல் என்றார் அப்பா. தெரிந்த உடனே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று டாக்டர் சொன்னதும், அப்பா முந்திக்கொண்டார்.

"பையன் சும்மா இல்ல டாக்டர். சொன்ன உடனே லைட்டு வாங்கிப் போட்டான். ரெண்டு தபா."

அப்பா எனக்காகப் பரிந்து பேசியதுதான் என்னைக் கொன்றது. என் நாற்காலிக்கும் தறிக்கும் நடுவே எட்டு அடி இருந்தால் அதிகம். ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்திருந்தால், அங்கே இருட்டே இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கும்.

ஆபரேஷன் செய்தும் அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. மற்ற கண்ணை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்து நெய்கிறார். நான் பட்டியலை அழித்துவிட்டேன். ஒரு நாளைக்கு நாலு முறையாவது போய்ப் பக்கத்தில் உட்கார்கிறேன். "ஒண்ணும் இல்லபா, நீ போய் வேலையப் பாரு" என்பார்.

போன வாரம் அவர் கால் வீங்கியிருப்பதை அம்மாதான் ரகசியமாக வந்து சொன்னாள். நாலு நாளாகவே வீக்கமாம். அவனிடம் சொல்லிவிடாதே, பாவம், வேலை கெடும் என்றாராம். எனக்கு நேரம் இல்லை என்பதை அவருக்கு அவ்வளவு ஆழமாகப் பழக்கி வைத்திருக்கிறேன். அதை எப்படி மறக்கவைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.