கஷ்டம் பார்க்க வந்த ஆபீசர்

எங்கள் கஷ்டத்தை நேரில் பார்த்துவிட்டுப் போக ஒரு ஆபீசர் வருகிறார் என்று தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம், வீட்டுக்கு வெள்ளையடித்தது. எனக்குப் புத்தி என்று ஒன்று இருந்திருந்தால், இருந்த சுண்ணாம்பையும் சுரண்டிவிட்டிருப்பேன்.

குன்னூருக்கு மேலே, தேயிலைச் சரிவில் வரிசையாக ஐந்து வீடுகள். ஐந்து வீட்டு ஆண்களுக்கும் ஒரே தேயிலை ஃபேக்டரியில் வேலை. வீட்டுக்கடன் சங்கத்தில் அடமானம் எழுதிக்கொடுத்துக் கட்டிய வீடுகள். ஃபேக்டரியை ஒருநாள் இழுத்து மூடினார்கள். தவணை நின்றது. ஏல நோட்டீஸ் வந்தது. பிறகு சங்கமே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னது. நிஜமாகக் கஷ்டப்படுகிறவர்களுக்கு ஒரு வருஷம் தவணையைத் தள்ளிவைப்பார்கள், நிஜமா என்று ஆபீசர் வந்து பார்ப்பார்.

என் வீட்டுக்காரர் மனுவில் உருகி உருகி எழுதினார். அடுப்பில் பூனை தூங்குகிறது என்று வேறு ஒரு வரி. எங்கள் வீட்டில் பூனையே கிடையாது.

எழுதுவது வேறு. அந்நிய மனிதர் ஒருவர் படியேறி வரும்போது, உட்காரச் சொல்ல ஒரு நாற்காலிகூட இல்லாமல் நிற்பது வேறு. முதல் வீட்டு அக்காவிடம் ஒரு தேக்கு சோபா இருந்தது. எஸ்டேட் துரை ஊரைவிட்டுப் போனபோது பங்களாச் சாமான்களை விற்றார்கள், அதில் வாங்கியது.

"அக்கா, ஆபீசர் உங்க ஊட்ல பாத்து முடிச்சதும் சோபாவ அனுப்பி உடுங்க" என்றேன்.

"அனுப்பறேன். ஆனா நடுவுல இருக்கற மூணு ஊட்டுக்காரங்களும் கேட்டிருக்காங்க. உனக்குக் கடைசிலதான் வரும்" என்றார்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. இதில் ஐந்து வீட்டுக்கும் ஒரே மீசை.

ஆபீசர் வந்த அன்று தூறல். அவர் ஒரு வீட்டை விட்டு இறங்கினதும், அடுத்த வீட்டுக்காரர் வாசலில் நிறுத்தி மழையைப் பற்றியும் செடியைப் பற்றியும் பேசுவார். அதற்குள் ஃபேக்டரியில் மூட்டை தூக்கிப் பழகிய இரண்டு பேர் பின்பக்கச் சேற்று வழியாக சோபாவை உள்ளே கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். பூப்போட்ட கப்பும் வர்க்கி பிஸ்கட் தட்டும் கூடவே போகும். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

என் வீட்டில் உட்கார்ந்ததும் ஆபீசர் சோபாவைத் தடவிப் பார்த்தார். "ஏனுங்கம்மா, ஈரமா இருக்குதே."

"மலைக்காத்துங்க" என்றேன்.

"நாலு ஊட்லயும் இதே சோபாலதான் உக்காந்தேன். ஃபாரத்துல ஊட்டுச் சாமானெல்லாம் எழுதோணும். எல்லா ஊட்லயும் சோபான்னு எழுதினா ஒருத்தருக்கும் கெடைக்காது. நெசமா யாருதுன்னு சொல்லுங்க. அந்த ஒரு ஊட்டுப் பேர்ல எழுதிக்கறேன். மத்த நாலு பேருக்கும் கெடைச்சிரும்."

நல்ல மனுஷன். உண்மையைச் சொன்னால் அக்கா வீடு போகும், பொய் சொன்னால் எங்கள் வீடு போகும். இதையெல்லாம் அப்போதே நான் எடைபோட்டேன் என்று சொன்னால் அது புளுகு. இரவல் சோபா என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு நா எழவில்லை, அவ்வளவுதான்.

"எங்களுதுதானுங்க" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும்.

மற்ற நாலு வீட்டுக்கும் சலுகை வந்தது. எங்களுக்கு ஏலத் தேதி வந்தது. வரிசை முழுக்க என்னைத் தெய்வமாக்கிவிட்டது. அக்காவுக்காகத் தியாகம் செய்தேனாம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இருக்கிற ஒரே வீட்டை விட்டுவிட்டு எங்கே போவது?

ஏலத்தன்று மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு பேர் காரில் வந்தார்கள். எங்கள் வரிசையில் ஒருவரும் விலை கேட்கவில்லை. வந்த இருவருக்கும் அக்காவே டீ கொண்டுபோய்க் கொடுத்தார்.

"போன மழைக்கு இதுக்குக் கீழதானுங்க மண்ணு சரிஞ்சுது" என்றார். சரிந்தது அடுத்த மலையில். நாலாவது வீட்டுக்காரர் எங்கள் சுவரில் காதை வைத்து, "இன்னும் உள்ளுக்குள்ள தண்ணி ஓடுதுங்க" என்றார். அவர்களும் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் காரில் ஏறினார்கள்.

கேட்பாரில்லை என்று ஏலத்தை ஒத்திவைத்தார்கள். அடுத்த தடவையும் அதே டீ, அதே தண்ணீர்ச் சத்தம். அதற்குள் என் வீட்டுக்காரருக்குக் கோத்தகிரிப் பக்கம் வேலை கிடைத்தது. பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட ஆரம்பித்தோம்.

தெய்வமாக இருப்பது சாமானியப்பட்ட வேலை இல்லை. மனசு அரிக்க, ஒருநாள் அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னிக்கு நான் உங்களுக்காகச் சொல்லலீங்க. வெக்கப்பட்டுட்டுத்தான் எங்களுதுன்னு சொல்லிப்போட்டேன்."

அக்கா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"அது அன்னிக்கே தெரியும். உம்பட வீம்பு எனக்குத் தெரியாதா? அதுக்காக ஊட்டப் போக உட்ருவமா?"