கிள்ளான் வரை போகாத ரயில்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு வாசலில் தச்சர் அந்தோணி சைக்கிளை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் தொப்பி இல்லாமல் நான் பார்த்ததே இல்லை.

"ஐயா, நம்ம வீராசாமி போயிட்டான்."

நான்கு நாள் காய்ச்சல். திங்கட்கிழமை மாலை முடிந்துவிட்டது. "நிச்சயமாத் தெரியுமோ?" என்று கேட்டேன். எதையும் இரண்டு முறை சரிபார்க்கும் பழக்கம் அந்த நேரத்திலும் என்னை விடவில்லை. அந்தோணி கோபப்படவில்லை. "பெட்டிக்கு அளவெடுத்துட்டுத்தான் ஐயா வரேன்" என்றார்.

இதைப் படிப்பவர்களில், செந்தூல் ரயில்வே பட்டறையில் அவருடன் வேலை செய்தவர்களுக்கு வீராசாமி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: மின்சாரப் பிரிவில் ஒயர்மேன், கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர், என்னைவிடப் பதினேழு வயது இளையவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வரைபட அறையில் ஒரே நாற்காலியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. ஆனால் நான் சொல்லப்போகும் விஷயம் வேறு யாருக்கும் தெரியாது.

முதன்முதலில் அவர் என் மேசைக்கு வந்தது, விளக்குத் தூண்களுக்காக நான் வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு. "ஐயா, உங்க மூணாவது தூண் சாக்கடைக்குள்ள நிக்குது" என்றார். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் கதவருகே போனதும் மறுபடி கேட்டேன். மதியம் பட்டறைக்கே போய் இன்னொரு முறை கேட்டேன். "ஒரு தூணுக்கு ஒரு மன்னிப்பு போதும் ஐயா. மத்ததை வேற தூணுக்கு வெச்சுக்குங்க" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அது எனக்கே புதுமையாக இருந்தது.

இனி, பட்டறையில் கண்காட்சி நடந்த அந்த நாளுக்கு வருகிறேன். உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். ஊழியர்கள் சேர்ந்து, கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரையிலான பாதையை ஒரு நீண்ட மேசைமேல் சிறு அளவில் அமைத்திருந்தோம். மேசை அந்தோணியுடையது, பாதையின் வரைபடம் என்னுடையது. மின்சாரமும் தண்டவாளத்தை இணைத்துப் பூட்டிய வேலையும் வீராசாமியுடையவை. மாலை மூன்று மணிக்குப் பெரிய துரை வந்து பார்ப்பதாக ஏற்பாடு. ரயில் ஓடாவிட்டால் மேசையைத் துணியால் மூடிவிடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

காலை பத்து மணிக்கு ரயில் ஒழுங்காக ஓடவில்லை. கோலாலம்பூரில் உற்சாகமாகப் புறப்பட்டது. நடுவழியில், பத்துத் திகா நிலையத்தில் தளர்ந்தது. கிள்ளானுக்கு ஒரு முழம் முன்னால் முனகிக்கொண்டு நின்றது. வேகக் கைப்பிடியை முழுவதும் திருப்பினால் எப்படியோ கிள்ளானைத் தொட்டது. ஆனால் திரும்பி வரும்போது வேகம் ஏறிக்கொண்டே போய், கோலாலம்பூருக்குச் சற்று முன்னால் பிரிக்பீல்ட்ஸ் வளைவில் எஞ்சின் புரண்டு விழுந்தது. மூன்று முறை ஓட்டினோம். மூன்று முறையும் அதே இடத்தில் விழுந்தது.

அந்த வருடம் ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வளைவைத் தவறாக வரைந்தவன் என்று பெயர் எடுத்தால், அந்தப் பட்டியலில் நான் முதல் வரி. ஆனாலும் மறைத்து வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

"என்ர வளைவுதான் பிழை, தம்பி. துரையிட்டப் போய்ச் சொல்லப் போறன்" என்றேன்.

"அளந்து பாத்தீங்களா?"

"இல்லை. ஆனா அங்கதானே விழுகுது."

"விழுற இடம் வேற, கோளாறு இருக்கற இடம் வேற. உக்காருங்க."

எஞ்சினைக் கையால் தள்ளி அந்த வளைவைச் சுற்றவைத்தார். சுகமாகப் போனது. பிறகு கைப்பிடியைக் கொஞ்சமாகத் திருப்பி மெதுவாக ஓட்டினார். அதுவும் விழவில்லை. "வளைவு நல்லா இருக்கு. அளவுக்கு மேல வேகமா வந்தா நிஜ ரயிலும்தான் விழும். நாம ஏன் வேகத்தை ஏத்துனோம்? கிள்ளானுக்குப் போகலைன்னு. அப்ப கிள்ளானுக்கு ஏன் போகலை?"

"என்னைப் பாக்காதே. என் மேசை கிள்ளான் வரைக்கும் இருக்கு" என்றார் அந்தோணி.

வீராசாமி பையிலிருந்து ஒரு சிறு பல்பை எடுத்தார். ரயில் பெட்டிக்குள் எரியும் வகை. அதில் இரண்டு கம்பித் துண்டுகள் கட்டியிருந்தார். கம்பிகளைத் தண்டவாளத்தில் வைத்தார். மின்சாரம் ஏறும் முனையான கோலாலம்பூரில் பல்பு வெள்ளையாக எரிந்தது. கிள்ளானில் பீடிக் கங்கு போலச் சிவந்தது. நடுவில் வைத்தபோது, இரண்டுக்கும் நடுவே மஞ்சளாக எரிந்தது. "ஒரு இடத்துல அறுந்திருந்தா அந்த இடத்துல பொசுக்குன்னு குறையும். இது வழி நெடுகக் கொஞ்சம் கொஞ்சமா குறையுது. எல்லா இணைப்பும் கொஞ்சம் கொஞ்சம் தின்னுது" என்றார்.

அந்தத் தண்டவாளம் தகரத்தை மடித்துச் செய்த துண்டுகளால் ஆனது. ஒரு துண்டின் நுனியிலுள்ள ஊசி அடுத்ததன் துளைக்குள் நுழையும். அதன் வழியாகத்தான் மின்சாரம் போக வேண்டும். ஓர் இணைப்பை அவர் பிரித்தார். ஊசியைச் சுற்றி ஏதோ மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். பிறகு என் மூக்கருகே நீட்டினார்.

சந்தனம்.

இரண்டு வாரத்திற்கு முன் பட்டறையில் ஆயுத பூசை நடந்தது. சுத்தியல், அரம், கடைசல் இயந்திரம் எல்லாவற்றுக்கும் அவரவர் பொட்டு வைத்தார்கள். மாதிரி ரயிலின் தண்டவாளத் துண்டுகள் பூட்டப்படாமல் ஒரு மூலையில் அடுக்கியிருந்தன. அவற்றை யாரும் கவனிக்கவில்லையே என்று, நான் ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு நுனியிலும் சந்தனம் வைத்தேன். நடுவில் வைத்தால் சக்கரத்தில் படும் என்று யோசித்து, நுனியில் வைத்தேன். ஒன்றையும் விடவில்லை. மறுநாள் வெளியில் தெரிந்ததைத் துடைத்துவிட்டு வீராசாமி பூட்டினார். துளைக்குள் போனது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே காய்ந்துவிட்டது.

"நான்தான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும் ஐயா. இவ்வளவு ஒழுங்கா வேற யாரு வெப்பா?" என்றார்.

எல்லா இணைப்பையும் பிரித்துச் சுத்தம் செய்ய நேரம் இல்லை. இரண்டு தடித்த செம்புக் கம்பிகளை மேசைக்கு அடியில் கிள்ளான் வரை இழுத்து, வழியில் மூன்று இடங்களில் தண்டவாளத்தோடு ஈயம் வைத்துப் பற்றவைத்தார். மின்சாரம் இணைப்புகளைத் தாண்டிப் போக வேறு வழி கிடைத்துவிட்டது. அந்தோணி மேசைக்கு அடியில் முட்டி போட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாமி கும்பிட்டது நீங்க, முட்டி போட்டது நான்" என்றார். இரண்டரை மணிக்குப் பல்பு கிள்ளானிலும் வெள்ளையாக எரிந்தது. கைப்பிடி பாதி தூரத்தில் இருக்க, ரயில் ஒரே வேகத்தில் போய், ஒரே வேகத்தில் திரும்பியது.

துரை இரண்டு முறை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். காலையில் ஓடவில்லையாமே, என்ன கோளாறு என்று மலாயில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வீராசாமி முந்திக்கொண்டார்: "சம்பூங்கான் கொத்தோர், துவான்." இணைப்பில் அழுக்கு என்றார். பூட்டுவதற்கு முன் சுத்தம் செய்யத் தெரியாதா என்று அவ்வளவு பேர் நடுவில் துரை அவரைக் கடிந்தார். வீராசாமி தலையை ஆட்டினார். சந்தனத்தை அழுக்கு என்று சொன்னதற்காக அன்று மாலை கோயிலில் கன்னத்தில் போட்டுக்கொண்டதாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் எத்தனையோ முறை அவரிடம் போனேன். "வேலை போகாத வயசுல சொல்லுங்க ஐயா. இப்ப சொன்னா உங்களுக்கு நஷ்டம், எனக்கு லாபமில்ல" என்பார். பட்டியல் வந்தது. என் பெயர் அதில் இல்லை. நான் ஓய்வு பெற்றேன். அப்போதும் சொல்லவில்லை. ஆயுத பூசைதோறும் அவர் என் வீட்டுக்கு வந்து, "பொட்டு எங்க எங்க வெச்சீங்க, ஒரு தடவை காட்டுங்க" என்று கேட்டு என் பேனாவையும் அளவுகோலையும் சோதிப்பார்.

அழுக்குத் தண்டவாளத்தைப் பூட்டியவன் என்று அவரைக் கேலி செய்தவர்கள் உங்களில் உண்டு. அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அவர் பூட்டிய வேலையில் குறை இல்லை. சந்தனம் வைத்தவன் நான். அவர் உயிரோடு இருந்தபோது இதை நான் எழுதியிருக்க வேண்டும். அந்தத் தவறும் என்னுடையதுதான்.

காரியம் முடிந்த அன்று அவர் மனைவி அந்தப் பல்பை என்னிடம் கொடுத்தார். அது என் மேசைமேல் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில், எனக்கு எழுதத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான்கு வரி எழுதியிருந்தேன். பல்பைப் பார்த்ததும், "அளந்து பாத்தீங்களா?" என்ற குரல் கேட்டது. நான்கு வரியையும் அடித்துவிட்டேன். வளைவு சரியாகத்தான் இருந்தது.