இடக்கைக் கிட்டார்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மைக் செட் கடை. குழாய் ஸ்பீக்கர்களுக்கு நடுவே நான் தேடி வந்தது தொங்குகிறது. இடக்கைக்காரர் ஒருவருக்கென்று சொல்லிச் செய்த ஐந்து தந்தி பேஸ் கிட்டார். என் கைக்குச் சென்னைக் கடை எதிலும் இப்படி ஒன்று கிடைக்கவில்லை.

மடியில் வைத்துத் தடித்த தந்தியை மீட்டுகிறேன். தகர ஷட்டர் அதிர்கிறது. மனசுக்குள் வாங்கியாகிவிட்டது.

"நெக்கு வளைஞ்சி கீது சார். வேணாம்," என்கிறார் கடைக்காரர்.

கிட்டாரின் கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறேன். வளைவே இல்லை. அதைச் சொல்வதற்குள், வெளியே ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்துகிறார். கடைக்காரர் குரலைத் தாழ்த்துகிறார். "இத்த வாசிச்சிக்கினு இருந்த டேவிட்டோட நைனா. ஊரு மானாம்பதி. புள்ள செத்தப்புறம் வூட்ல வெச்சிப் பாக்க முடியல, வித்துக் குடுன்னு குடுத்துட்டாரு. வாராவாரம் வந்து கேப்பாரு. இன்னும் கீதுன்னாதான் மொகம் தெளியுது."

பெரியவர் படியேறி வருகிறார். "வித்துப் பூட்சா?"

"இல்ல நைனா. நெக்கு வளைஞ்சி கீதுன்னு இவரும் வேணான்றாரு."

பெரியவர் என் பக்கம் திரும்புகிறார். "மெய்யாலுமா சார்?"

கிட்டாரை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

"ஆமாங்க," என்கிறேன். "வளைஞ்சிருக்கு."

அவர் அதை என்னிடமிருந்து வாங்கி, என் விரல் பட்ட இடத்தையெல்லாம் தோள் துண்டால் துடைக்கிறார். தானே ஆணியில் மாட்டுகிறார்.

"அப்ப அடுத்த வாரம் வரேம்பா."