மாலை போடாத மில்காரம்மா

கல்வராயன் மலையில் எங்கள் அறக்கட்டளை வைத்துக்கொடுத்த சாமை மில்லை அந்த அம்மாதான் ஓட்டினார். புருவமெல்லாம் உமித்தூள். மெஷின் ஓடும்போது யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்.

மெஷினுக்குப் பணம் கொடுத்த நன்கொடையாளரைச் சென்னையிலிருந்து அழைத்துப் போயிருந்தேன். "மெஷினை நிறுத்திட்டு ஐயாவுக்கு மாலை போடுங்கம்மா" என்றேன்.

"இன்னாத்துக்கு நிறுத்தணும்? இது ஓடுறதப் பாக்கத்தான வந்தாரு? சனங்க காத்துக்கினு இருக்காங்க" என்றவர், நன்கொடையாளர் பக்கம் ஒரு சாக்கை நீட்டினார். "வாய கெட்டியா புடிங்க."

எனக்குப் பதறியது. நன்கொடையாளரோ கடைசி மூட்டை வரைக்கும் பிடித்தார். கிளம்பும்போது, "மறுபடி எப்ப வரலாம்?" என்று கேட்டது என்னையல்ல, அந்த அம்மாவை.

"சாமை இருந்தா எடுத்துக்கினு வாங்க."

மாலையை அந்த அம்மாவுக்குப் போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஓய்ந்திருந்த மெஷினுக்குப் போட்டுவிட்டு வந்தேன்.