புனைபெயரை அடித்த நாள்

லிங்கிச் சாலையில் கார்க் கண்ணாடியை இறக்கியதும் ரப்பர்ப்பாலின் புளித்த வாடை வீசியது. அறுபதாண்டுகள் கரைந்தன, எங்கள் ரப்பர்த் தோட்டத்து வீட்டில் நின்றேன்.

தஞ்சையிலிருந்து கடல் கடந்து வந்த என் தந்தையார் அங்கே கணக்கெழுதும் கிராணி. புனைபெயரில் நாளிதழுக்கும் எழுதினார். யாரைப் பற்றி எழுதினாலும், அவரை எதிரில் அமர்த்திப் படித்துக் காட்டாமல் தபாலில் சேர்க்கமாட்டார்.

அன்று வந்தவர் பால்வெட்டும் அஞ்சலை அக்காள். தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கிணற்றுநீரால் அவர் மகள் நோயுற்ற செய்தி அது. படித்து முடித்த தந்தையார் தயங்கினார்.

“ஒன் பேர எடுத்துரட்டுமா? தொரை வேலைய விட்டுத் தூக்கிருவாரு.”

“போடுங்க கிராணி ஐயா. பேரில்லன்னா யாரு நம்புவா? நீங்க மட்டும் வேற பேருல ஒளிஞ்சுக்கிறீங்களே, நல்லாவா இருக்குலா?”

தந்தையாரின் முகம் சிவந்தது. புனைபெயரை அடித்துவிட்டுத் தம் பெயரை எழுதினார்.

செய்தி வெளியாகிப் பெயர் ஊருக்கே தெரிந்துவிட்டதால் அஞ்சலை அக்காளை விலக்கத் துரை துணியவில்லை. அதை எழுதியதற்காக வேலை போனது தந்தையாருக்கு. ஏதோ குற்றம் செய்து விலக்கப்பட்டார் என்று இன்றும் சிலர் பேசுவதுண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பின்னர் அவர் சிரம்பானில் முழுநேரப் பத்திரிகையாளரானார். தோட்ட வாழ்வைப் பற்றி மூன்று நூல்கள் எழுதினார். இன்று அவற்றின் மறுபதிப்பு வெளியாகிறது. மூன்றின் அட்டையிலும் இருப்பது அவருடைய சொந்தப் பெயர்.